கழக வேகநடைப் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொள்வோருக்கு

1998 ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், 50 கிலோமீட்டர் வேகநடையில் மலேசியாவுக்குத் தங்கம் வென்று தந்தவர் ஜி. சரவணன். நம் சமூகத்திலிருந்து ஒருவர் அவ்வளவு உயரம் தொட்ட விளையாட்டு இது என்பதால், இதன் விதிகளை அறியாமலே நம்மவர்கள் பலர் ஒதுங்கி நிற்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஓரளவு உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவர் எவரும் கழக அளவிலான 3 அல்லது 5 கிலோமீட்டர் போட்டியில் துணிந்து பெயர் கொடுக்கலாம். ஆனால், முதல் போட்டியில் நேரத்தைக் குறிக்கோளாகக் கொள்ள வேண்டாம். ஒரு சிவப்பு அட்டைகூட வாங்காமல் முடிப்பதையே குறிக்கோளாகக் கொள்ளுங்கள்.

விதிகள் இரண்டுதான். மனிதக் கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு இரு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. முன்வைக்கும் கால், தரையைத் தொட்ட கணம் முதல் உடலுக்கு நேர்கீழே செங்குத்தாக வரும் வரை முழங்காலில் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். பாதையோரம் நிற்கும் நடுவர்கள் கருவி எதுவுமின்றிக் கண்ணால் மட்டுமே பார்த்து, ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமல் தீர்ப்பளிக்கிறார்கள். தவறு நேரும் நிலையில் இருப்பவருக்கு மஞ்சள் பலகை காட்டப்படும். அதில் அலைக்கோடு இருந்தால் பாதம் எழும்புகிறது என்றும், கோணக்குறி இருந்தால் முழங்கால் மடங்குகிறது என்றும் பொருள். தவறு தெளிவாகத் தெரிந்தால் நடுவர் சிவப்பு அட்டை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவார். வெவ்வேறு நடுவர் மூவரிடமிருந்து சிவப்பு அட்டை சேர்ந்தால் தகுதி நீக்கம். ஒரே நடுவர் ஒருவருக்கு இரண்டு அட்டை எழுத முடியாது. சில போட்டிகளில், மூன்றாவது அட்டைக்குப் பின் குறிப்பிட்ட நேரம் தண்டனைப் பகுதியில் நிறுத்திவைத்து, தொடர்ந்து நடக்க விடும் முறையும் உண்டு. எந்த முறை பின்பற்றப்படுகிறது என்பதை முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சியில் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது முழங்காலில்தான். வேகம் வேண்டும் என்று காலை எட்டி எட்டி வைக்கும்போது முழங்கால் தானாகவே மடங்குகிறது. அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். விரல்கள் மேல்நோக்கியிருக்க, குதிகால் முதலில் தரையைத் தொடட்டும். இரு பாதங்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழட்டும். இடுப்பு முன்னும் பின்னுமாகச் சுழலட்டும். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கை இடுப்பிலிருந்து நெஞ்சளவுக்கு வந்து போனால் போதும். தோள் காதருகே ஏறிவிட்டால் பாதமும் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரிப் பூங்கா போன்ற சமதளப் பாதையில், நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்திக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவை மெதுவாக ஓட்டி முழங்காலை மட்டும் சோதியுங்கள்; வேகமாக நடக்கும் ஏறக்குறைய எல்லாருடைய பாதமும் அதில் ஒரு கணம் காற்றில் இருப்பதாகத்தான் தெரியும், அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

முதல் சில வாரங்களில் கெண்டைக்காலுக்கு முன்புறம், கணைக்கால் எலும்பை ஒட்டிய தசை எரிவதுபோல் வலிக்கும். விரலைத் தூக்கிப் பிடிக்கும் வேலை அந்தத் தசைக்குப் புதிது என்பதே காரணம். குதிகாலால் மட்டும் சிறிது தூரம் நடக்கும் பயிற்சி அதைப் பலப்படுத்தும். ஓய்விலும் வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

குதிகால் பகுதி தடிமனில்லாத, வளைந்து கொடுக்கும் காலணியே ஏற்றது. தொளதொளவென்ற நீளக் காற்சட்டை வேண்டாம். முழங்கால் தெரியவில்லை என்றால் நடுவருக்கு ஐயம் எழும். காலை மறைக்க விரும்பும் பெண்கள் உடலோடு ஒட்டிய காற்சட்டை அணியலாம். பதிவின்போது அடையாள அட்டை எண்ணையும் வயதுப் பிரிவையும் சரியாக எழுதுங்கள்.

கோலாலம்பூரின் வெயிலுக்கு அஞ்சியே போட்டிகள் விடியற்காலையில் தொடங்குகின்றன. முதல் எல்.ஆர்.டி. (இலகு ரயில்) வண்டியை நம்பினால் நேரத்துக்குச் சேர முடியாமல் போகலாம். உடன் வருபவரின் காரில் செல்வது நல்லது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் போட்டி முடிந்த பிறகு இருக்கட்டும். முன்னதாக ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியும் போதும்.

தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நில்லுங்கள். முன்னால் நின்றால் பிறர் வேகம் உங்களை இழுத்துவிடும். சுற்றுகளைக் கணக்கிட அலுவலர் இருந்தாலும் நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள். மஞ்சள் பலகையைக் கண்டால் வாதாடாமல், குறியைப் பார்த்துக்கொண்டு, சில அடிகளுக்கு வேகத்தைத் தணித்து முறையைச் சீராக்குங்கள். மிகுந்த கவனம் தேவைப்படுவது கடைசிச் சில நூறு மீட்டரில்தான்; எல்லைக்கோட்டைக் கண்டதும் உடல் ஓடத் துடிக்கும். 1998 இல் இதே கோலாலம்பூரில் மகளிர் வேகநடைத் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் ஜேன் சாவில், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் முன்னணியில் வந்தும், அரங்கத்துக்குள் நுழையும் வேளையில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அவருக்கே அது நேர்ந்தது என்றால், புதியவர் அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டாமலிருப்பதே அறிவுடைமை.

முடித்தவுடன் உட்காராமல் சற்று நேரம் மெல்ல நடந்து, தண்ணீர் குடித்து, கெண்டைக்காலை நீட்டி மடக்குங்கள். முடிவுகள் வெளியான பின், உங்கள் எண்ணுக்கு எதிரே எந்தக் குறி பதிவாகியிருக்கிறது என்று தலைமை நடுவரிடம் பணிவாகக் கேளுங்கள். கோணக்குறி என்றால் அடுத்த சில வாரங்கள் குறுகிய அடியிலும், அலைக்குறி என்றால் தோளைத் தளர்த்தி நடப்பதிலும் பயிற்சியைச் செலுத்துங்கள்.