தோட்டத்தில் சுற்றாடல் குழு தொடங்கப் போகிறீர்களா? பீலியிலிருந்து ஆரம்பியுங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சுற்றாடல் குழு தொடங்க ஆசை, முதலில் என்ன செய்வது என்று மலையகத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்கிறார்கள். பெயர், பதாகை, டீசேட் எல்லாம் அப்புறம். தண்ணீரில் தொடங்குங்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது, கொழும்பின் குடிதண்ணீரில் பெரும்பங்கு அதிலிருந்துதான் போகிறது. ஆனால் அந்த ஓயாக்கள் பிறக்கிற மலையிலேயே மாசி, பங்குனி வந்தால் லயத்துப் பீலியில், அதாவது வரிசை வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயடியில், குடங்கள் வரிசையில் நிற்கின்றன. ஒரு லயத்தில் கட்சி வேறு, சங்கம் வேறாக இருக்கலாம், பீலி எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதல் வேலை, நடப்பது. ஒரு ஞாயிறு காலையில் பழைய குழாய்ப் பாதை தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பீலியிலிருந்து குழாயைப் பிடித்தபடியே மேலே ஊற்று வரைக்கும் ஏறுங்கள். கையில் ஒரு சி.ஆர். கொப்பி. குழாய் எங்கே வெடித்திருக்கிறது, ஊற்றுக்கு மேற்பக்கம் மலசலகூடக் குழி இருக்கிறதா, மாட்டுப்பட்டி இருக்கிறதா, புல்லுக்கு மருந்து அடிக்கிறார்களா, பெம்பர்ஸ் எந்தக் கானில் (வடிகாலில்) கிடக்கிறது என்று பார்த்ததை எல்லாம் எழுதுங்கள். இந்தக் கொப்பி இல்லாமல் கூட்டம் போட்டால் பழைய சண்டைகளைப் பேசியே பொழுது போய்விடும்.

அடுத்தது ஆட்கள். ஐந்து பேர் போதும், அதில் மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாங்கள் முதல் கூட்டத்தை வேலை நாளில் மாலை ஐந்து மணிக்கு வைத்தோம். கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிற நேரம் அது, ஆக வந்தவர்கள் எல்லோருமே ஆண்கள். தண்ணீர்த் தாங்கியை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தோம். மறுநாள் ஒரு அக்கா வந்து, அந்த மேட்டில் மழைக்காலத்தில் குடத்தோடு ஏற முடியாது என்றார். தண்ணீர் சுமக்கிறவர்களைக் கேட்காமல் தண்ணீரைப் பற்றி முடிவெடுத்திருந்தோம், முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. ஞாயிறு மத்தியானம் மூன்று மணி, கோயில் மண்டபம் அல்லது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவம், ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தோட்டத்தில் உள்ள எல்லாச் சங்கத் தலைவர்மாருக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள், ஒருவருக்கு முந்திச் சொல்லி மற்றவருக்குப் பிந்திச் சொன்னால் குழுவுக்கு அன்றைக்கே ஒரு கட்சி நிறம் ஒட்டிக்கொள்ளும்.

துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, கடிதம் எழுதுங்கள். காணி நிர்வாகத்தின் கையில் இருப்பதால் சொல்லாமல் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது. 'ஒத்துழைப்பு வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், ஊற்றைச் சுற்றி முப்பது அடிக்குள் மருந்து அடிக்க வேண்டாம், வேலி போட இருபது கம்பு வெட்ட அனுமதி வேண்டும் என்று எண்ணிச் சொல்லுங்கள். பிரதியில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

சரி, முதல் சிரமதானம். அரை நாள், ஒரே வேலை, அன்றைக்கே முடிய வேண்டும். தாங்கியில் படிந்த சேற்றை அள்ளுவது, வேலி போடுவது, மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் ஊற்றுக்குள் இறங்காமல் ஒரு கான் வெட்டித் திருப்புவது, இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் நட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மட்டும் வேண்டாம், அது தண்ணீரை நிறைய உறிஞ்சும். பக்கத்துக் காட்டில் தானாக முளைத்திருக்கும் கன்றுகளே நல்லது. தண்ணீரைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். முடிவு வரும் வரைக்கும், வந்த பிறகும்கூட, கொதிக்க வைத்தே குடியுங்கள்.

குப்பையை மூன்றாம் மாதத்தில் தொட்டால் போதும். மரக்கறித் தோல், சாணம், காய்ந்த புல் மூன்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் பசளை. நுவரெலியாக் குளிரில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். லீக்ஸ் பாத்தியில் போட்டுப் பார்த்த ஒரு வீடு இருந்தாலே பக்கத்து வீடு கேட்டு வரும்.

காசுக் கணக்கு, சம்பளம் போட்ட கிழமையில் சிறு தொகை சேருங்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கைச் சத்தமாக வாசியுங்கள். குழு நிலைத்ததும் பிரதேச சபைக்குப் போங்கள். 'தோட்டத்துக்குள் எங்களால் செலவு செய்ய முடியாது' என்று யாராவது சொன்னால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவுதான் அதற்குத் தடையாகச் சொல்லப்பட்டு வந்தது, அது 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள், மரியாதையாக, ஆனால் விடாமல்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஊற்றைக் கவனிக்கிற குழுதான் மலையையும் கவனிக்க முடியும். அடைமழையில் தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கினால், நின்றுபோனால், புது இடத்தில் தண்ணீர் கசிந்தால், தரையில் வெடிப்பு விட்டு மரங்கள் சாய்ந்தால் மண் நகர்கிறது என்று அர்த்தம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, அதில் விழுந்த மழைத்தண்ணீரைத் தினமும் காலையில் அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் எல்லா லயத்துக்கும் சொல்லி விழித்திருக்க வேண்டும்; 150 தொட்டால் அறிவித்தல் வரட்டும் என்று இருக்காமல் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைக் காலையில் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், பக்கத்திலேயே எந்த லயத்தில் நடக்க முடியாத ஆச்சி, தாத்தா இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கப் போகிறவர்கள் யார் என்ற பெயர்ப் பட்டியலையும் ஒட்டுங்கள்.