நல்லி எலும்பு, கேரட், ஏழு மீட்டர் கயிறு: ஆதிமனிதர் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலையில் அறிவியல் வகுப்பு எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பாடம் நடத்துவதை விட மனம் வரவில்லை. படிவம் ஒன்று, இரண்டு படிக்கிற பிள்ளைகள்தான் அதிகம். கைப்பேசியில் எதையாவது பார்த்துவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து வருவார்கள். "இறைச்சி தின்னதாலதான் டீச்சர் மனுஷனுக்கு மூளை வளர்ந்துச்சு" என்பது ஒரு கட்சி. "மனுஷன் பிறவியிலேயே சைவம் டீச்சர், நம்ம பல்லைப் பாருங்க" என்பது இன்னொன்று. புரட்டாசி மாதம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு இதே வாக்குவாதம்.

இரண்டு கட்சிக்கும் நான் காட்ட நினைப்பது ஒன்றைத்தான். இறைச்சியோ கிழங்கோ, வாய்க்குப் போவதற்கு முன்னால் கை செய்த வேலை இருக்கிறதே, வெட்டுவது, இடிப்பது, சுடுவது, அதுதான் நம்மை மற்ற குரங்கினங்களிலிருந்து பிரித்தது. இதை வாயால் சொன்னால் நிற்காது. பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். ஆசிரியர்களோ பெற்றோரோ யாரும் செய்யலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

தேவையானவை: ஏழு மீட்டர் நைலான் கயிறு, துணி காயப்போடுகிற கிளிப் ஒரு பிடி, முகம் பார்க்கும் கண்ணாடி, பூதக்கண்ணாடி, கைவிளக்கு, ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கல் ஒன்று, தட்டையான பெரிய கல் ஒன்று, கூரான கல் சில்லு ஒன்று, கேரட் (பாதியை வேகவைத்து, மீதியைப் பச்சையாக வையுங்கள்), அம்மி, கொஞ்சம் கஞ்சித்தண்ணீர், மருந்துக்கடை அயோடின். அப்புறம் நல்லி எலும்பு. பாசாரில் ஆட்டுக்கடை அண்ணனிடம், "அண்ணே, கால் எலும்பு துண்டு போடாம முழுசா குடுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வழக்கம்போல மூன்றாக வெட்டிக் கொடுத்துவிட்டால் பாடமே போச்சு. மாட்டெலும்பு வேண்டாம், நம் வீடுகளில் பலர் தொடமாட்டார்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எலும்பைத் தொட விரும்பாத பிள்ளை கயிற்றுக்குப் பொறுப்பாக இருக்கட்டும். அதுவும் பெரிய வேலைதான்.

கயிறு

மண்டபத்தின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்குக் கயிற்றைக் கட்டுங்கள். ஒரு மீட்டர் ஒரு மில்லியன் ஆண்டு. அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் 10,000 ஆண்டு. ஒரு முனை இன்று. மறு முனை, ஏறத்தாழ நம் மூதாதையரும் சிம்பன்சியின் மூதாதையரும் தனித்தனி வழியில் பிரிந்த காலம்.

இன்றிலிருந்து பின்னோக்கி அளந்து கிளிப் மாட்டச் சொல்லுங்கள். 3.2 மீட்டரில் எத்தியோப்பியாவில் எலும்புக்கூடாகக் கிடைத்த மூதாதைப் பெண் 'லூசி'. நிமிர்ந்து நடந்தாள், ஆனால் அவள் இனத்தின் மூளை சிம்பன்சியின் மூளையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. 3.3 மீட்டரில் கென்யாவின் லொமெக்வி, இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய கல் கருவிகள். 2.6 மீட்டரில் எத்தியோப்பியாவின் கோனா, அங்கே கூரான கல் சில்லுகள். 1.9 மீட்டர் பக்கத்தில் ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதிமனித இனம், நம்மைப் போல நீண்ட கால், சிறிய பல், பெரிய மூளை. 1 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகை, உள்ளே நெருப்பு மூட்டிய தடயம். 30 சென்டிமீட்டரில் மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூத், நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள். கடைசியில் விவசாயம். அதற்கு ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும்தான் இடம்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நாம் அன்றாடம் சாப்பிடுகிற அரிசி, கோதுமை எல்லாம் அந்தக் கடைசிச் சென்டிமீட்டருக்குள் பயிர்களாக வந்தவை. மீதிக் கயிறு முழுக்க என்ன சாப்பிட்டோம் என்று பிள்ளைகளே கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருங்கள்.

பல்லும் குடலும்

கண்ணாடியைக் கையில் கொடுத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கோரைப்பல்லைக் காட்டி "இது இருக்கே, அப்ப நாம புலி மாதிரிதானே" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். கொரில்லாவின் கோரைப்பல் நம்முடையதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. அது தின்பதோ தழையும் தண்டும் பழமும். அந்தப் பல் சண்டைக்கும் மிரட்டலுக்கும். கோரைப்பல்லை வைத்து எந்தக் கட்சியும் ஜெயிக்க முடியாது என்று அங்கேயே முடித்துவிடலாம்.

குடல்தான் நல்ல சாட்சி. ஆட்டுக்குடல் கழுவிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அதன் நீளம் தெரியும். புல்லை உடைக்க ஆட்டுக்கு நான்கு அறை வயிறும் அவ்வளவு நீளக் குடலும் வேண்டும். சிம்பன்சி, கொரில்லாவுக்குப் பெருங்குடல் பெரிது. நார் அங்கே கிடந்து நொதிக்கும். நமக்குப் பெருங்குடல் சிறுத்து, சிறுகுடல் ஓங்கியிருக்கிறது. மொத்தக் குடலும் நம் உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிடச் சிறியது. அதாவது ஏற்கெனவே மென்மையான, சத்து நிறைந்த சாப்பாட்டுக்குப் பழகிய குடல்.

1995ல் லெஸ்லி ஐயெல்லோ, பீட்டர் வீலர் என்ற இரு ஆய்வாளர்கள் இதிலிருந்து ஒரு கருத்தைச் சொன்னார்கள். மூளை நம் எடையில் 2 விழுக்காடுதான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடம்பின் சக்தியில் 20 விழுக்காட்டை அதுவே தின்கிறது. குடலும் அதேபோலச் செலவு வைக்கிற உறுப்பு. நல்ல உணவு கிடைத்ததால் குடல் சுருங்க, மிச்சமான சக்தி மூளைக்குப் போனது என்றார்கள். பிற்பாடு பல விலங்குகளை அளந்து பார்த்தவர்கள் இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஒத்துவரவில்லை என்று காட்டினார்கள். இரண்டையும் சொல்லுங்கள். அறிவியலில் ஒரு கருத்து எப்படி அடிபட்டுத் திருந்துகிறது என்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

எலும்பை உடைப்பது

இதற்கு மட்டும் நிறைய நேரம் ஒதுக்குங்கள். பெரியவர்தான் அடிக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் நான்கடி தள்ளி நிற்கட்டும். சில்லு தெறிக்கும்.

எலும்பில் ஒட்டியிருக்கும் சதையை முதலில் ஒரு கூரான கல் சில்லால் சுரண்டுங்கள். சுரண்டிய இடத்தில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மெல்லிய, ஆழமான கோடுகள் தெரியும். குறுக்காக வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்துப் போல இருக்கும். விலங்கின் பல் பதிந்த தடம் அகலமாக, அடி வளைந்து இருக்கும். ஆய்வாளர்கள் மில்லியன் கணக்கான ஆண்டுப் பழைய எலும்பில் தேடுவது இதே கோட்டைத்தான். எத்தியோப்பியாவின் டிக்கிக்காவில் கிடைத்த 3.4 மில்லியன் ஆண்டு எலும்புகளில் வெட்டுத் தடம் இருக்கிறது என்று 2010ல் ஒரு குழு அறிவித்தது. மற்றவர்கள் அது மிருகம் மிதித்ததாக இருக்கலாம், முதலைப் பல்லாக இருக்கலாம் என்றார்கள். அந்த விவாதம் எதைப் பற்றியது என்பது, கையில் கோட்டைப் பார்த்த பிள்ளைக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

இப்போது எலும்பைத் தட்டைக் கல்லில் படுக்க வையுங்கள். மூட்டில் அடிக்காதீர்கள், அங்கே உடையாது. நடுத்தண்டில் அடியுங்கள். முதல் அடியில் ஒரு சிறு குழி மட்டும் விழும். கொஞ்சம் திருப்பி மறுபடி. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். பச்சை எலும்பு என்பதால் நேராக முறியாமல் சுற்றிக்கொண்டு சாய்வாகப் பிளக்கும். உள்ளே வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் மஜ்ஜை. அந்தக் குழியையும் சாய்வான பிளவையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பழைய எலும்பில் இந்த இரண்டும் இருந்தால் யாரோ கல்லால் உடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஏன் மஜ்ஜை? சிங்கம் தின்றுவிட்டுப் போன பிறகும் கால் எலும்பு மிஞ்சும். கல் இல்லாத பிராணிகளில் அதை உடைக்கக் கழுதைப்புலிக்குத்தான் தாடை உண்டு. கல் பிடித்த நம் முன்னோருக்கு அங்கே கொழுப்பு காத்திருந்தது. கொழுப்பு என்றதும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். காட்டு மிருகத்தின் சதையில், வறட்சிக் காலத்தில் முக்கியமாக, கொழுப்பு மிகக் குறைவு. வெறும் கொழுப்பில்லாச் சதையைத் தின்று மனிதனால் உயிர் வாழ முடியாது, புரதத்தை ஓர் அளவுக்கு மேல் நம் கல்லீரல் தாங்காது. ஆகவே கொழுப்போ மாவுச்சத்தோ கூடவே வேண்டும். வெறும் இறைச்சிக் கட்சிக்கு இந்த ஓர் இடமே போதும்.

கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரைப் பக்கம் நியாயங்கா என்ற இடத்தில் 2.6 மில்லியனுக்கும் 3 மில்லியனுக்கும் இடைப்பட்ட காலத்துக் கல் கருவிகள் கிடைத்து, 2023ல் அறிவித்தார்கள். அங்கே நீர்யானையை அறுத்த தடம் இருந்தது. கற்களின் தேய்மானத்தைப் பார்த்தபோது அதே மாதிரிக் கருவிகளால் செடியுணவையும் இடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த சாட்சி இதுதான். கயிற்றில் இதற்குச் சிவப்புக் கிளிப் போடுங்கள்.

மெல்லும் போட்டி

ஒரே அளவுள்ள கேரட் துண்டுகள் மூன்று வகை: பச்சையாக ஒன்று, அம்மியில் நசுக்கியது ஒன்று, வேகவைத்தது ஒன்று. ஒருவர் மெல்ல, பக்கத்தில் உள்ளவர் எண்ண வேண்டும். விழுங்கும்வரை எத்தனை மெல்லல் என்று பலகையில் எழுதுங்கள். பிள்ளைக்குப் பிள்ளை எண் மாறும், ஆனால் பெரும்பாலும் வரிசை மாறாது. மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாக வாயில் வைக்க விடாதீர்கள், அதில் சயனைடு உண்டு. தவிர அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு, ஆப்பிரிக்க மூதாதையருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பச்சை இறைச்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. அதை நமக்காக 2016ல் ஹார்வர்டில் கேத்தரின் ஜிங்க், டேனியல் லீபர்மன் இருவரும் செய்து பார்த்துவிட்டார்கள். அவர்கள் எடுத்ததும் ஆட்டிறைச்சிதான். வெட்டாத பச்சைத் துண்டு எவ்வளவு மென்றாலும் சூயிங்கம் மாதிரி அப்படியே கிடந்தது. நம் பல்லால் அதை அறுக்க முடியவில்லை. சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாக இருந்து, அதைக் கல்லால் நறுக்கி, கிழங்கையும் இடித்துச் சாப்பிட்டிருந்தால், மெல்லும் எண்ணிக்கை 17 விழுக்காடும் தாடை கொடுக்க வேண்டிய விசை 26 விழுக்காடும் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். நெருப்பே இல்லாமல் இவ்வளவு. சமைக்கத் தொடங்கியபின் இன்னும் குறைந்தது.

"அப்ப இறைச்சி கூடக் கூடத்தான் மூளை கூடிச்சா டீச்சர்?" என்று கேட்பார்கள். எரெக்டஸ் காலத்துக்குப் பிறகு இறைச்சி உண்ட தடயங்கள் பெருகின என்று நெடுநாள் நம்பினார்கள். 2022ல் கிழக்கு ஆப்பிரிக்க இடங்களையெல்லாம் மறுபடி எண்ணிப் பார்த்த ஒரு குழு, அதிகம் தோண்டிய காலத்தில் அதிகம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான், தொடர்ந்து கூடியதற்கு ஆதாரமில்லை என்றது. இறைச்சி உண்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. அது மட்டுமே மூளையை வளர்த்தது என்பதுதான் நிற்கவில்லை.

எச்சிலும் கிழங்கும்

இரண்டு கிண்ணத்தில் நீர்த்த கஞ்சித்தண்ணீர் வையுங்கள், வெதுவெதுப்பாக. ஒன்றில் ஒரு பிள்ளை எச்சில் துப்பிக் கலக்கட்டும் (இந்த வேலைக்கு எப்போதும் போட்டிதான்). கொஞ்ச நேரம் கழித்து இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின். எச்சில் கலக்காதது கருநீலமாகும். கலந்தது நிறம் மாறாமலோ லேசாக மாறியோ நிற்கும். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிட்டது. முடிந்ததும் கொட்டிவிடுங்கள், யாரும் குடித்துவிடக் கூடாது.

சிம்பன்சியிடம் இந்த எச்சில் அமிலேஸ் மரபணு இரண்டு பிரதிதான். மனிதரில் பலரிடம் ஆறு, இன்னும் அதிகம் உள்ளவர்களும் உண்டு. மாவுணவு அதிகம் தின்கிற சமூகங்களில் சராசரி கூடுதல் என்று 2007ல் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் 170,000 ஆண்டுக்கு முன் சுட்ட கிழங்குகள் கரியாகிக் கிடைத்தன. கயிற்றில் 17 சென்டிமீட்டர்.

நம் நாட்டிலும் சாட்சி உண்டு. சரவாக்கின் நியா குகையில் 40,000 ஆண்டுக்கு முந்தைய மனித மண்டையோடு 1958ல் கிடைத்தது. அங்கே காட்டுப்பன்றி, குரங்கு எலும்புகளோடு, நச்சுள்ள கடோங் கிழங்கின் தடயமும் இருந்தது. கடோங்கைச் சீவி நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து நஞ்சை எடுக்காமல் தின்றால் ஆளையே கொல்லும். அந்த வித்தை தெரிந்தவர்களே அந்தக் காட்டில் வாழ்ந்தார்கள். யாரும் இதை வீட்டில் முயல வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள்.

முடிவில் "அப்ப நாங்க என்ன சாப்பிடணும்?" என்று வரும். பரிணாமம் சமையல் குறிப்பு தராது என்று சொல்லிவிட்டு, இரண்டு செய்திகளைக் கொடுப்பேன். வைட்டமின் சியை ஆடு தன் உடம்பிலேயே தயாரிக்கும், நம்மால் முடியாது. ஆகவே காய், பழம் கட்டாயம். பி12 செடியுணவில் நம்பும்படி கிடைக்காது. சைவப் பிள்ளைகளுக்குப் பாலும் தயிரும் வேண்டும், அதுவும் சாப்பிடாதவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும்.

கல், தரை, மேசை எல்லாவற்றையும் சவர்க்காரத்தாலும் குளோராக்ஸாலும் கழுவுங்கள், பிள்ளைகள் கையும் கழுவியாக வேண்டும். அடுத்த விடுமுறையில் வேன் கிடைத்தால் குவாலா கங்சார் வழியாக லெங்கோங் போய் வாருங்கள். அங்கே குனோங் ருந்துக் குகையில்தான் பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட 'பேராக் மனிதர்' கிடைத்தார். அவரோடு ஆற்று நத்தை ஓடுகளும் விலங்கு எலும்புகளும் புதைக்கப்பட்டிருந்தன. 2012ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு அது. கயிற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பேராக் மனிதரின் கிளிப்பைப் பிள்ளைகள் அங்கே மாட்டட்டும்.