குழி நெஞ்சுக்கு அவசரப்பட்டுக் கத்தி வைக்காதீர்கள்

காரைக்குடியில் மாதம் ஒரு நாள் நான் குழந்தைகளைப் பார்க்கும்போது உடன் வரும் இளம் அறுவை மருத்துவர்கள், முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே செய்யப் புறப்படுவதைக் கண்டு இதை எழுதுகிறேன். குழி நெஞ்சு என்பது நெஞ்செலும்பு உள்ளே அமிழ்ந்திருப்பது. சில்லறைப் பிழைகள் பழகப் பழகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிறு வயதிலேயே குருத்தெலும்பை எடுப்பது

ராவிச் என்ற அறுவை மருத்துவர் 1949-இல் விவரித்த முறையில், கோணலாக வளர்ந்த விலாக் குருத்தெலும்புகளை நீக்கி, உள்ளே அமிழ்ந்த நெஞ்செலும்பை நிமிர்த்துவார்கள். ஆனால் விலா எலும்பு நீண்டு வளர்வது, எலும்பும் குருத்தெலும்பும் கூடும் இடத்தில்தான். சிறு வயதில் அங்கே கை வைத்தால் நெஞ்சு வளராமல் போகலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கண்டனூரிலிருந்து நாலரை வயதுப் பேரனை அழைத்து வந்த ஓர் அப்பத்தா, "விவரம் தெரியறதுக்குள்ள முடிச்சு விட்டுருங்க தம்பி, பெரியவனானா சட்டையக் கழட்டக் கூச்சப்படுவான்" என்றார். அவனுக்கு மூச்சிரைப்பு எதுவும் இல்லை. வீட்டு முற்றத்தில் நாளெல்லாம் ஓடியாடிய பிள்ளை. நான் மறுத்திருக்க வேண்டும். மாறாக, இருபுறமும் ஐந்தைந்து குருத்தெலும்புகளை எடுத்தேன். ஆறே மாதத்தில் நெஞ்சு சமமாகிவிட, வீட்டார் கைகூப்பினார்கள். இத்தகைய சிறுவயது அறுவைகளுக்குப் பின் நெஞ்சுக்கூடு வளராமல் இறுகிப்போவதைப் பற்றி ஹாலர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1996-இல் எழுதியதைப் படித்தபோது அவனுக்கு எட்டு வயது. எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை. பதின்மூன்று வயதில் வந்தான். கையும் காலும் நீண்டிருந்தன, நெஞ்சு மட்டும் சிறுபிள்ளையின் நெஞ்சாகவே நின்றிருந்தது. மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னேன். விலாக்கள் அசையவே இல்லை, வயிறு மட்டும் எழுந்து தணிந்தது.

நஸ் என்ற அறுவை மருத்துவர் 1998-இல் வெளியிட்ட முறையில் குருத்தெலும்பை எடுப்பதில்லை. வளைத்த உலோகக் கம்பி ஒன்றை நெஞ்செலும்புக்கு அடியில் செலுத்தித் தூக்கி நிறுத்துகிறோம். "வெட்டவில்லையே, ஐந்து வயதில் செய்தால் என்ன?" என்று இன்றும் கேட்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது. கம்பியை எடுத்த பிறகு பருவ வயதில் பிள்ளை விறுவிறுவென வளரும்போது குழி மீண்டும் விழக்கூடும். இதயமோ நுரையீரலோ உண்மையிலேயே நெருக்கப்படாத பிள்ளைக்குப் பருவ வயது வரை காத்திருப்பதே சிகிச்சை. அதை அப்பத்தாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் நம் வேலைதான்.

ஹாலர் குறியீட்டை மட்டும் நம்புவது

நெஞ்சின் குறுக்ககலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடைப்பட்ட தூரத்தால் வகுத்து வரும் எண்தான் ஹாலர் குறியீடு. அது 3.25-ஐத் தாண்டினாலே அறுவை என்று எழுதிவிடாதீர்கள். எக்கோவும் (இதயத்தின் ஒலி அலைப் படம்) நுரையீரல் திறன் சோதனையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். நீண்ட விரல்கள் தெரிந்தால் மார்ஃபான் நோய்க்குறி (உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபுக் குறை) உண்டா என்பதையும் பாருங்கள்.

புறா நெஞ்சுக்கு உடனே அறுவை

நெஞ்செலும்பு வெளியே துருத்தி நிற்கும் புறா நெஞ்சில், வளரும் பிள்ளைக்கு முதலில் வெளியிலிருந்து அழுத்தும் பட்டை.

நிக்கல் ஒவ்வாமை

உள்ளே வைக்கும் கம்பியில் நிக்கல் இருக்கலாம். கவரிங் நகையோ பெல்ட் கொக்கியோ பட்டால் அரிக்குமா என்று கம்பியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேளுங்கள்.

கம்பியை எடுக்கும் நாளை வாய்ச்சொல்லாக விடுவது

இரண்டு, மூன்று ஆண்டுகளில் கம்பியை எடுக்க வேண்டும். அதற்குள் குடும்பம் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ பெயர்ந்துவிடுவது எங்கள் பக்கம் சாதாரணம். எந்த மாதம் எடுக்க வேண்டும், கம்பி எங்கே இருக்கிறது, இதயம் நின்று அவசரத்தில் நெஞ்சை அழுத்த நேர்ந்தால் கூடுதல் விசை தேவைப்படும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் பாஸ்போர்ட்டோடு வைக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறேன்.