சண்டிகரைப் பற்றி விமர்சனம் எழுதுவோருக்கு

சண்டிகரைப் பற்றி எழுத முற்படுபவர், அந்நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே என்ற ஒற்றைப் பெயரோடு நின்றுவிடாமல், முதலில் கட்டட வரைபடங்களின் மூலையிலுள்ள கையொப்பங்களைப் படிக்க வேண்டும். தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் அவருடையவை என்றாலும், 1950களில் எழுந்த அரசுக் குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றைப் பியர் ஜான்னரே, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய மூவரும், ஊர்மிளா யூலி சௌத்ரி உள்ளிட்ட இந்தியக் கட்டடக் கலைஞர்களுமே உருவாக்கினர். விமர்சனம் இவ்வீடுகளுக்கே கூடுதல் இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் நகரம் வாழ்வது அங்கேதான்.

அடுத்து, நகருக்காகக் கையகப்படுத்தப்பட்ட கிராமங்களை நிலப் பதிவேடுகளில் தேடுங்கள். கட்டுமானக் காலப் புகைப்படங்களில் தலையில் கான்கிரீட் சுமந்து சாரமேறும் பெண்களைக் காட்சிப்பொருளாக்காமல், அவர்களது உழைப்பையும் கட்டடத்தின் தொழில்நுட்பமாகவே விவரியுங்கள். முதிய தொழிலாளர்களிடமும் குடியிருப்போரிடமும் அவரவர் மொழியிலேயே கேட்டு, அவர்கள் சொற்களைத் திருத்தாமல் பதிவு செய்யுங்கள்.