டெல்லி வீட்டில் ஊர்ப் பழக்கம்: வெயிலிலும் குளிரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மா முதல்முறை மே மாதத்தில் மயூர் விஹாருக்கு வந்தபோது, மத்தியானம் சாப்பிட்டதும் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தார். நாகப்பட்டினத்தில் அந்த நேரத்துக்குக் கடல்காற்று வந்துவிடும். இங்கே வந்தது லூ. மேற்கிலிருந்து வீசும் அந்த அனல்காற்றில் அரை மணி நேரத்தில் அறை கொதித்தது. சாயங்காலம் அம்மாவுக்குத் தலைசுற்றல், வாந்தி. இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் நான் பார்க்கும் தவறுகளில் பாதி இப்படிப்பட்டவைதான். ஊரில் சரியாக இருந்த பழக்கம் டெல்லி வீட்டுக்குள் உடம்பைக் கெடுக்கிறது.

கோடையில் வீட்டைவிட வெளியே சூடாக இருக்கும்வரை ஜன்னலை மூடியே வையுங்கள். வெயில் விழும் பக்கம் மூங்கில் தட்டியை வெளிப்புறமாகத் தொங்கவிட்டால், கண்ணாடி சூடேறும் முன்பே வெயில் தடுக்கப்படும். ராத்திரி வெளிக்காற்று தணிந்த பிறகு திறக்கலாம்.

அடுத்த தவறு, டிவியில் சொல்லும் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள்ளும் அதுதான் என்று நம்புவது. கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், அந்தச் சூட்டை ராத்திரி முழுக்க அறைக்குள் இறக்கும். 2024 ஜூனில் ஒருநாள் டெல்லியின் முக்கிய வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் குறைந்தபட்ச வெப்பநிலையே 35 டிகிரியைத் தாண்டியது. அது வெளியே இருந்த சூடு. மொட்டைமாடிக்குக் கீழே தூங்கியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். உடம்பு சூட்டை வெளியேற்ற, இதயம் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்ப வேண்டும். ராத்திரியும் ஓய்வு கிடைக்காவிட்டால் மறுநாள் பாதிப்பு இன்னும் கூடும். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி, பெரியவர்கள் படுக்கும் அறையில் மாட்டுங்கள். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும்.

வியர்வையும் இங்கே ஏமாற்றும். சென்னையில் சட்டை நனைந்து ஒட்டும். டெல்லியின் வறண்ட மே மாதத்தில் வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். "வேர்க்கவே இல்லையே" என்று அத்தை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. கேட்டுக் கேட்டு மோர் கொடுக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஃபேன் இருக்கிறதே என்று விட்டுவிடவும் கூடாது. அறை 40 டிகிரியைத் தாண்டினால் அது சூடான காற்றைத்தான் உடம்பில் அடிக்கும். 40-க்குக் கீழே இருக்கும்போது மட்டும் ஃபேன் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தோலை ஈரத்துணியால் துடைத்தபடி இருங்கள். கூலருக்கு எதிர்ப்பக்க ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். ஜூலையில் மழைக்காற்று வந்ததும் அதன் தண்ணீர் பம்பை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே ஈரமான காற்றில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். யாராவது பிதற்றினாலோ, நினைவு தடுமாறினாலோ உடனே 112-ஐ அழைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

குளிர்காலத் தவறுகளை நம்மவர்கள் இன்னும் குறைவாகவே பேசுகிறார்கள். மார்கழி வந்தால் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு டெல்லி முருகன் கோயிலான மலை மந்திருக்குக் கிளம்பும் பெரியவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஊர் மார்கழி வேறு. இங்கே 2021-இன் முதல் நாளில் சஃப்தர்ஜங்கில் 1.1 டிகிரி. திடீர்க் குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர் மாதங்களில் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெந்நீரில் குளித்து, குளியலறைக்குள்ளேயே நன்றாகத் துடைத்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே வரட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருப்பது பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டில் ஜனவரிக் காலையில் 13 காட்டுகிறது. சரி, அதற்காக அங்கீட்டியில் (கரி அடுப்பில்) கரி மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் படுக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காற்றோட்டமில்லாத குளியலறையில் வைத்த கேஸ் கீசரும் இதே வாயுவை விடும். அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், சளி என்று நினைத்துப் போர்த்திக்கொள்ள வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.