தையமின் குறைவு: தாயின் காலில் தொடங்கி, குழந்தையின் குரலில் தெரிவது

பர்மிய வழக்கமும் நம் பத்தியமும் ஒன்று சேரும் வீடுகளில், பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டிய வெள்ளைச் சோறும் உப்பும் சிறிது கருவாடுமே வாரக்கணக்கில் உணவாகிவிடுவதுண்டு. தையமின் எனப்படும் வைட்டமின் பி1 உடலில் ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான் தங்கும். உணவில் வராவிட்டால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அப்போது வருவதே பெரிபெரி என்னும் நோய்.

முதலில் தாயைப் பாருங்கள். பாதத்தில் எரிச்சலோ மதமதப்போ இருக்கிறதா, ஆடுதசையை அமுக்கினால் வலிக்கிறதா என்று கேளுங்கள். குந்தியிருந்து கையூன்றாமல் எழச் சொல்லுங்கள். தடுமாறினால் தொடைத்தசை தளர்ந்திருக்கலாம். முன்னங்கால் எலும்பின் மேல் விரலால் அழுத்தி எடுத்தபின் குழி நின்றால் வீக்கமும் சேர்ந்துள்ளது. இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டென்பதால், எதைச் சாப்பிட்டாள் என்பதையும் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

தாய் ஓரளவு நலமாகத் தோன்றினாலும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஆபத்தில் இருக்கலாம். இரண்டு, மூன்று மாதக் குழந்தை, பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தபடியே, ஓயாமல் அழுது, பால் மறுத்து, வாந்தி எடுத்து, வேகமாக மூச்சு வாங்கினால் இதயம் திணறிக்கொண்டிருக்கலாம். உதடு நீலமாகும் வரை காத்திருந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். நான்கு மாதத்தைக் கடந்த குழந்தைக்குக் குரல் கம்மும். பிறகு வாய் திறந்து அழுதும் சத்தம் வராது. தொண்டைக்கட்டு என்று கஷாயம் கொடுத்து நாளைக் கடத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

உடனே மருத்துவமனைக்குப் போய், தாயின் பத்தியத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தையமின் ஊசி போட்ட சில மணி நேரத்தில் குழந்தை தேறினால், அதுவே நோயை உறுதிப்படுத்தும் சோதனையும் ஆகும். தாய்க்கும் மாத்திரை தேவை, ஏனெனில் குறை அவள் பாலில் இருக்கிறது.

ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளிடம் இந்நோயின் சாயலைக் கண்டது 1890களில். நாமோ இன்னும் அரிசியை வெளுப்பை வைத்தே தரம் பிரிக்கிறோம். நெல்லை அவிக்கும்போது இச்சத்து மணிக்குள் இறங்குவதால் புழுங்கலரிசி மேல். அரிசியைப் பலமுறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் இச்சத்தைக் கரைத்துவிடும். சமைக்காத மீன் ஊறலிலுள்ள நொதி தையமினைச் சிதைக்கும், வேகவைத்தால் அந்நொதி அழியும்; பர்மியர் உண்ணும் புளிக்கவைத்த தேயிலையும் வெற்றிலை பாக்கும் வேறு வகையில் அதனைத் தடுப்பதால், உணவோடு சேர்க்காமல் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பத்தியச் சோற்றில் துவரை, உளுந்து, கடலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தினமும் சேர்க்கலாம்.