மதுரைக்கு முதன்முறை வருவோர் உறவினர் வீட்டையும் கடைவீதியையும் சுற்றிவரும் முறை

வெளிநாட்டில் வளர்ந்து, மதுரையிலுள்ள அப்பா வழி, அம்மா வழி உறவுகளைப் பார்க்க முதன்முறையாக வருவோர் பலரும் உறவினர் வீடுகளுக்குச் சில நாட்கள், கடைவீதிக்கு ஒரு நாள் என்று தனித்தனியாகத் திட்டமிடுகிறார்கள். இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்பதே என் யோசனை. பூவும் பழமும் வாங்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவது முறையாகாது. அத்தையோ மதினியோ உடன் வராமல் ஒரு முழம் பூவைக்கூட நியாயமான விலைக்கு வாங்குவது கடினம்.

படி 1: பணத்தையும் முறைப்பெயர்களையும் சரிபாருங்கள்.

சென்ற பயணத்தில் மிஞ்சியது என்று வீட்டில் யாராவது ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தனுப்பினால் பிரித்துப் பாருங்கள். 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் எங்கும் உதவாது. 2023 மே மாதம் திரும்பப் பெறப்பட்ட 2000 ரூபாய் நோட்டைக் கடைக்காரர்கள் வாங்குவதில்லை. 10, 20, 50 ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டால் பூக்கடையிலும் ஆட்டோவிலும் சில்லறைக்காகக் காத்து நிற்க வேண்டியிராது.

அடுத்து, யாரை எப்படி அழைப்பது என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவின் தாய் அப்பத்தா, அம்மாவின் தாய் அம்மாச்சி, அப்பாவின் உடன்பிறந்தாள் அத்தை, அம்மாவின் தங்கை சித்தி. எல்லோரையும் 'ஆன்ட்டி' என்று அழைத்துவிடலாம் என நினைப்போர், அப்பத்தாவின் முகம் சுருங்குவதை ஒருமுறை பார்த்தால் போதும்.

படி 2: வயதில் மூத்தவரின் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள்.

வழியில் சித்தப்பா வீடு இருக்கிறதே என்று அங்கே முதலில் இறங்கிவிட்டால், அந்தச் செய்தி உங்களுக்கு முன்பாகவே பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கிளம்பும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம் என்பதால், அந்த நேரத்தில் புது இடத்துக்குப் புறப்படப் பல வீடுகளில் விட மாட்டார்கள்.

படி 3: பூ வாங்கப் பழகுங்கள்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் உதிரிப்பூவைக் கிலோ கணக்கில் விற்பார்கள். தெருவோரக் கடைகளில் கட்டிய பூ முழக் கணக்கு. முழம் என்பது முழங்கை முதல் விரல்நுனி வரை என்றாலும், விற்பவர் கையை எவ்வளவு மடக்குகிறார் என்பதைப் பொறுத்து அது சுருங்கவும் கூடும். என் அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, இது முழமா, சாணா?" என்று கேட்பார், பூக்காரரும் சிரித்துக்கொண்டே இன்னும் நான்கு விரற்கடை சேர்த்து நறுக்கித் தருவார். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டால் அதே பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

காலையில் வாங்கும்போது மொட்டாகவே பார்த்து வாங்க வேண்டும். மாலையில்தான் அது விரியும். முதல் பயணத்தில் நான் மலர்ந்த பூவே அழகு என்று எண்ணி வாங்கிப் போய், வீடு சேர்வதற்குள் அது பழுப்பேறிவிட்டது. முகூர்த்த நாட்களிலும், பனியால் வரத்து குறையும் மார்கழி, தை மாதங்களிலும் விலை பல மடங்கு ஏறும்.

படி 4: தெருக்களைக் கோயிலிலிருந்து வெளியே எண்ணுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த வீதிகளுக்குத் தமிழ் மாதப் பெயர்கள் உண்டு. ஆடி வீதி மதிலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்தால் சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றிலும் நான்கு திசைப் பெயர்கள் சேரும். இது பிடிபட்டுவிட்டால் கைபேசி வரைபடம் தேவையில்லை. நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, பலசரக்குக்குக் கீழமாசி வீதி, துணிக்கு விளக்குத்தூண் பகுதி. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் இருந்த தையல், வளையல், பாத்திரக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. வீட்டுப் பெரியவர்கள் இன்னும் 'புதுமண்டபக் கடை' என்றே சொல்வார்கள் என்பதால், பழைய இடத்தில் போய்த் தேட வேண்டாம்.

படி 5: சுங்குடியைத் திருப்பிப் பாருங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக ஒரே ஒரு பொருள் வாங்குவதென்றால், சௌராஷ்டிர சமூகத்தினர் வளர்த்தெடுத்த சுங்குடிச் சேலையைச் சொல்வேன். நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சேலையில் புள்ளிகள் ஒன்றுபோல் இரா. முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி சிறு மொக்குப்போல் எழும்பி நிற்கும். அச்சடித்ததில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும், பின்புறம் வெளிறித் தெரியும். அச்சுச் சேலையும் நன்றாகத்தான் உழைக்கும். கைமுடிச்சின் விலையை அதற்குக் கொடுக்காமல் இருந்தால் சரி.

படி 6: விடைபெறும்போது பெட்டியில் இடம் விடுங்கள்.

அப்பளமும் இட்லிப் பொடியும் வற்றலும் கேளாமலே வந்து சேரும். கொப்பரை எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். அதை மட்டும் அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "போயிட்டு வரேன் அத்தை" என்று சொல்லி, அவர் திருநீறு பூசும்வரை நின்று கிளம்புங்கள்.